முகப்பு விளக்கில் படியும் ஈரம்

ஐப்பசி பிறந்து, வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாகக் கொட்டி ஓய்ந்த பிறகு, தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் உள்ள பட்டறைகளுக்கு ஒரு குறிப்பிட்ட குறையோடு கார்கள் வரத் தொடங்குகின்றன. எஞ்சினில் கோளாறு இல்லை, பிரேக்கில் கோளாறு இல்லை. முகப்பு விளக்கின் முன்மூடிக்கு உட்புறத்தில் மட்டும் வெண்மையாக ஈரம் படிந்திருக்கிறது, வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போவதில்லை. “தண்ணி இறங்கிடுச்சு சார், சுத்திச் சிலிக்கான் போட்டு அடைச்சுடலாம்” என்று பட்டறையில் சொல்வார்கள். வண்டிக்காரரும் அதுவே நியாயம் என்று சம்மதித்துவிடுவார். அந்த அடைப்பு வேலைக்குக் கையை நீட்டுவதற்கு முன்னால் சற்று நிதானித்து, உள்ளே வந்த நீர் ஆவியாக வந்ததா, திரவமாக வந்ததா என்று வாசகர் தாமே தீர்மானிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. ஏனெனில், முன்னதற்குச் செய்ய வேண்டிய சிகிச்சை வேறு, பின்னதற்கு வேறு; ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குச் செய்தால், சிறு தொல்லையாக இருந்தது விளக்கையே மாற்ற வேண்டிய செலவாக முடிகிறது.

விளக்கின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வது அவசியம். நமக்கு முந்திய தலைமுறையினர் ஓட்டிய அம்பாசடரிலும் பத்மினியிலும், வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் இருந்தவை வட்டமான ஏழங்குலக் கண்ணாடி விளக்குகள். அக்காலத்தில் பல நாடுகளில் பரவியிருந்த ‘சீல்டு பீம்’ என்னும் வகை அமெரிக்காவில் 1940-இல் பொது நியமமானது. அதில் முன்கண்ணாடியும் பின்னாலுள்ள ரிஃப்ளெக்டரும் ஒரே பாத்திரமாக இணைக்கப்பட்டு, எரியும் இழையும் அதற்குள்ளேயே அடைபட்டிருந்தபடியால், வெளிக்காற்றுக்குப் பிரவேசமே இல்லை, ஈரத்துக்கும் இடமில்லை. இழை அறுந்தால் விளக்கு முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். இன்றைய காரின் விளக்கோ பல பாகங்களின் கூட்டு. முன்னால் இருப்பது கண்ணாடி அன்று, பாலிகார்பனேட் என்னும் தெளிந்த பிளாஸ்டிக்; அது பாலிபுரொப்பிலீனால் ஆன பின்கூட்டின் விளிம்புக் குழியில் பொருந்தி, பியூட்டில் என்னும் ரப்பர்ப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது; பல்பைத் தனியே மாற்றுவதற்காகப் பின்புறத்தில் ரப்பர் மூடியோ, திருகும் பிளாஸ்டிக் மூடியோ இருக்கிறது. இவற்றோடு, பெரும்பாலோர் கண்ணில் படாத இன்னொரு உறுப்பும் உண்டு: அதுதான் காற்றுத் துவாரம்.

இந்தத் துவாரம் ஏதோ கவனக்குறைவால் விடப்பட்டதென்று எண்ணிவிடக் கூடாது. ஹாலஜன் பல்பு ஒன்று 55 அல்லது 60 வாட் மின்சாரத்தை உட்கொண்டு, அதில் மிகப் பெரும் பகுதியை உஷ்ணமாகவே வெளிவிடுகிறது. பத்து லிட்டர் உள்ளிடமுள்ள ஒரு விளக்கில் காற்று 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறுகிறதென்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்று பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாக விரிகிறது. விளக்கை அணைத்தபின் மறுபடி ஆறும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. போக்குவரத்துக்கு வழியில்லாமல் அடைத்துவிட்டால், ஐந்நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள முன்மூடியின்மீது ஐம்பது கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் நாள்தோறும் ஏறி இறங்கும். பியூட்டில் பசை எத்தனை காலம் அதைத் தாங்கும்? ஆகவேதான் விளக்கைச் செய்பவர்கள், மழைநீர் நேராகப் புகாதபடி கீழ்நோக்கி வளைந்த சிறு ரப்பர்க் குழாய்களையோ, வட்டமான மெல்லிய சவ்வு ஒட்டிய துவாரங்களையோ வைத்திருக்கிறார்கள். 1969-இல் ராபர்ட் கோர் என்னும் அமெரிக்கர் கண்டறிந்த விரித்த டெஃப்லான் வகையைச் சேர்ந்தது அந்தச் சவ்வு. நீர்த்துளியைத் தடுத்து, காற்றையும் நீராவியையும் மட்டும் போக வர விடுவது. விளக்கு மூச்சு விடுகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. சிலிக்கானைப் பூசி அடைப்பவர்கள் பல சமயங்களில் அடைப்பது இந்த மூச்சு வழியைத்தான்.

இனி ஈரம் படியும் விதம். நம்முடைய தென்சென்னைப் புறநகர்கள் ஒருபுறம் கடலையும், ஒருபுறம் ஏரிகளையும், நடுவே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் கொண்டவை. மழைக்காலத்தில் மட்டுமன்றி, கடற்காற்று வீசும் கோடை மாலையிலும் இங்குள்ள காற்றில் ஈரம் மிகுதி. அந்தக் காற்றுதான் விளக்கினுள் போய் நிற்கிறது. இட்லிப் பானையைத் திறந்தால் மூடியின் உட்புறம் மட்டும் எப்படி முத்து முத்தாக நனைந்திருக்கிறதோ, அப்படியே விளக்கினுள்ளும் எந்தப் பரப்பு அதிகமாகக் குளிர்ந்திருக்கிறதோ அதன்மேல் ஆவி நீராகிறது; மழைத் தாரையும் எதிர்க்காற்றும் மோதுவது முன்மூடியின்மீது ஆனபடியால், அதன் உட்புறந்தான் முதலில் மங்குகிறது. மழையே இல்லாத மார்கழி விடியலில், இரவெல்லாம் திறந்த வெளியில் நின்ற காரில் இதே காட்சியைக் காணலாம். எல்.இ.டி. விளக்குள்ள புதிய வண்டிகளில் இது சற்று அதிக நேரம் நிலைக்கிறது, எல்.இ.டி.யின் சூடு பின்னாலுள்ள உலோகத் தகட்டின் வழியாக வெளியேறிவிடுகிறதே தவிர, ஹாலஜனைப் போல ஒளியோடு சேர்ந்து முன்மூடியைத் தாக்கி உலர்த்துவதில்லை. புதிய வண்டி வாங்கியவர்கள் இதைக் கண்டு ஏமாந்துவிட்டோமோ என்று மனம் வருந்த வேண்டிய அவசியமில்லை.

மூச்சினால் வந்த ஈரத்தையும் ஒழுக்கினால் வந்த ஈரத்தையும் பிரித்தறிவதற்கு ஒரு சிறு கணக்கு துணைசெய்யும். 30 டிகிரி உஷ்ணத்தில் ஒரு கன மீட்டர் காற்று, மிஞ்சிப்போனால், முப்பது கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும். அப்படியானால் பத்து லிட்டர் காற்றில் இருக்கக்கூடிய நீர் கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆறேழு துளிதான். விளக்கு நாள்தோறும் மூச்சு விடுவதால் இது கொஞ்சம் கூடலாம். ஆயினும் மெல்லிய படலமாகப் பரவுமே ஒழிய, அடியில் குட்டையாகத் தேங்காது. ஆதலால் முன்மூடியின் ஓரத்திலோ கீழ்ப்பகுதியிலோ மெல்லிய மங்கல் மட்டும் தோன்றி, லோ பீமைப் போட்டு அரைமணி, ஒருமணி நேரம் ஓட்டினாலோ, நல்ல வெயிலில் ஒருநாள் நிறுத்தினாலோ அது தானாகக் கலைந்துவிடுமானால், அதை இயல்பென்று விட்டுவிடலாம். காரோடு வரும் கையேடுகளிலும் இது குறையன்று என்றே எழுதியிருக்கும். கண்ணீர்போல வழியும் துளிகள், வண்டியை உலுக்கினால் அடியில் அலையும் நீர், ரிஃப்ளெக்டரில் வெள்ளை வரிகளாகக் காய்ந்த தடம், இரண்டு விளக்கில் ஒன்று மட்டும் ஓயாமல் மங்குவது, இவற்றுள் ஏதாவது தென்பட்டால் திரவ நீருக்கு வழி இருக்கிறதென்று நிச்சயம் கொள்ளலாம். இப்படிப்பட்ட விளக்கோடு, தெருவிளக்கு குறைந்த இடங்கள் உள்ள வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இரவில் செல்வது ஆபத்து. உட்புறத் துளிகள் ஒளியை நாற்புறமும் சிதறடித்து, நமக்கு வழியை மறைப்பதோடு எதிரே வருபவர் கண்ணையும் கூசச் செய்கின்றன.

நீர் புகும் வழிகளுள் முதலிடம் பின்மூடிக்குத்தான். பல்பு மாற்றியபோது மூடி சரியாகப் பொருந்தாமல் போவது, ரப்பர் வெடித்துவிடுவது, அல்லது மூடியே காணாமற்போவது சர்வ சாதாரணம். அண்மைக்காலத்தில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது: அதிக வெளிச்சம் வேண்டுமென்று ஹாலஜனை எடுத்துவிட்டு, பின்னால் மின்விசிறி பொருத்திய எல்.இ.டி. பல்பை மாட்டுகிறார்கள், அது நீளமாக இருப்பதால் மூடி மூடுவதில்லை, மூடியில் ஓட்டை போட்டு ஒயரை வெளியே விடுகிறார்கள், அல்லது மூடியைக் கழற்றியே விட்டுவிடுகிறார்கள். அந்த ஓட்டையின் வழியாக மழைச்சாரலோடு தூசியும் பூச்சியும் குடியேறுகின்றன. என் அபிப்பிராயத்தில், அந்தப் பல்பு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும், மூடியைப் பலியிட்டுப் பெறும் வெளிச்சம் வேண்டாம்.

அடுத்து, துவாரம் அடைபடுவது. சாலை வேலை ஓயாத நமது பகுதியில் செம்மண்ணும் சிமெண்டுத் தூளும் அந்த ரப்பர்க் குழாய்களில் சேர்ந்து கட்டியாகிவிடும். நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டி அடைத்திருப்பதும் உண்டு. மூன்றாவது, வாட்டர் வாஷ். நெடுந்தூரம் ஓடி வந்து விளக்கு சூடாக இருக்கும்போதே அழுத்தமான நீர்த்தாரையை விளக்கின் விளிம்பில் பாய்ச்சினால், உள்ளிருக்கும் காற்று திடீரெனச் சுருங்கி, கிடைத்த இடுக்கின் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பழவந்தாங்கல் சுரங்கப்பாதை போன்ற தாழ்ந்த இடங்களில் தேங்கிய மழைநீருக்குள் எரியும் விளக்கோடு வண்டியை இறக்குவதிலும் இதே விபரீதம் நேர்கிறது. பம்பரில் லேசாக இடித்து, விளக்கின் பிடிகால் முறிந்து கூட்டில் மயிரிழை அளவு விரிசல் விடுவதும், பத்துப் பன்னிரண்டு வருஷ வெயிலில் பியூட்டில் இறுகிப் பிரிவதும் மற்ற காரணங்கள்.

வழியைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முதலில் விளக்கை அணைத்து நன்றாக ஆறவிட்டு, பானட்டைத் திறந்து, பின்மூடிகளை விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். ரப்பரில் வெடிப்போ, ஒரு பக்கம் தூக்கலோ இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும். மூடி சரியாக இருந்தால், விளக்கைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் இரண்டு மூன்று போல்ட்டுகளோடு வந்துவிடும். சிலவற்றில் பம்பரை இறக்காமல் முடியாது. பம்பர் கிளிப்புகள் எளிதில் முறிபவை. பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைப் பட்டறையிடம் விட்டுவிடுவதே மேல். கழற்றுமுன் இரவில் வண்டியை ஒரு சுவரெதிரே நிறுத்தி, லோ பீமின் மேல் விளிம்பு விழும் இடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்துக்கொண்டு, தரையில் டயர் நின்ற இடத்தையும் அடையாளமிட்டு வைப்பது பின்னால் மிகவும் உபயோகப்படும்.

கழற்றிய விளக்கின் துவாரங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றை டேப்பால் தற்காலிகமாக மூடி, மீதியுள்ள ஒன்றில் மெல்லிய ரப்பர்க் குழாயைச் செருகி, முன்மூடியும் கூடும் சேரும் விளிம்பு முழுவதும் சோப்பு நுரையைத் தடவி, வாயால் மெதுவாக ஊதினால், பிரிந்திருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். கம்பிரஸர்க் காற்றை ஒருபோதும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நன்றாயிருக்கும் இணைப்பையும் அது பிரித்துவிடும். குமிழி எங்குமே வரவில்லையென்றால் கூடு குற்றமற்றது. துவாரத்தையும் மூடியையுமே சந்தேகிக்க வேண்டும். ரப்பர்க் குழாய்த் துவாரத்தைக் கழற்றி வெந்நீரில் கழுவி உலர்த்தி மாட்டலாம். சவ்வு ஒட்டிய துவாரத்தைக் குத்தவோ, எண்ணெய், சோப்பு எதையும் அதன்மேல் படவிடவோ கூடாது. அழுக்கேறிய சவ்வை மாற்றுவதுதான் முறை.

அடைப்பதற்கு முன்னால் உலர்த்த வேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் உள்ளே இருந்த நீரைச் சிறைவைத்தவர்களாவார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பின்மூடிகளைத் திறந்து வைத்துவிட்டால் ஒரு பகலில் காரியம் முடிந்துவிடும். மழைக்காலத்தில்தான் சங்கடம். வெளிக்காற்றே நனைந்திருக்கும்போது விளக்கைத் திறந்து வைப்பதால் மட்டும் பிரயோஜனமில்லை. காற்றைச் சூடாக்க வேண்டும். 27 டிகிரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஈரம் நிரம்பிய காற்றையே 45 டிகிரிக்குச் சூடேற்றினால், அதன் ஈர வீதம் முப்பத்து மூன்றாகக் குறைந்து, நீரை ஏந்திக்கொள்ளும் சக்தி பெருகிவிடுகிறது. தலைமுடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, பின்மூடித் துளையின் வழியாக விட்டுவிட்டு ஊதுவது இதனால்தான் பலன் தருகிறது. பட்டறையின் ஹீட் கன் இதற்கு உகந்ததன்று, பிளாஸ்டிக்கை நெளித்துவிடும்.

இதைவிடச் சிறந்ததாக நான் கருதும் உபாயம் இன்னொன்று உண்டு. தேங்கிய நீரைக் கவிழ்த்து வடித்தபின், விளக்கை ஏ.சி. ஓடும் அறையில் ஓரிரவு திறந்தபடி வைத்து, விடிந்ததும் அந்த அறைக்குள்ளேயே மூடிகளைப் பொருத்திவிடுங்கள். ஏ.சி. காற்றைக் குளிர்விப்பதோடு அதிலிருந்த நீரையும் வடித்து வெளியேற்றிவிடுகிறது. 24 டிகிரியும் 55 சதவீத ஈரமும் உள்ள அறைக்காற்றை அடைத்து எடுத்துச் சென்றால், விளக்கின் உட்பரப்பு ஏறத்தாழ 14 டிகிரிக்குக் குளிர்ந்தாலொழிய அதில் பனி படியாது, தாம்பரத்தின் சாதாரண மார்கழி இரவு அவ்வளவு குளிர்வதில்லை. துவாரங்களின் வழியே வெளிக்காற்று நாளடைவில் கலந்துவிடும் என்பது உண்மைதான். ஆயினும் மிச்சமிருந்த நீரெல்லாம் போய்விட்டதென்ற நிச்சயம் இதில் கிடைக்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களை விளக்குக்குள்ளேயே போட்டு மூடிவிடும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. சில நாட்களில் அவை ஈரத்தால் நிரம்பிச் சக்தியற்றுப் போகின்றன, நழுவிச் சூடான பல்பின்மேல் விழவும் கூடும். ஏ.சி. இல்லாதவர்கள் விளக்கை ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் இட்டு, பைக்குள் சிலிக்கா ஜெல்லை வைத்து வாயைக் கட்டி, ஓரிரு நாள் விட்டுவைக்கலாம்.

அடைக்கும் வேலை, விரிசலும் பிரிந்த விளிம்பும் கண்ணால் கண்ட இடத்தில் மட்டும் நடக்க வேண்டும். அந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, ‘நியூட்ரல்’ என்று அச்சிட்ட சிலிக்கானைப் பூசி ஒருநாள் அசையாமல் வைக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் புளித்த வாடையடிக்கும் வகை. உலரும்போது அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சை அரித்துக் கறுக்கச் செய்யும். அந்தப் பூச்சு வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய படலம். அதைப் பனியன் வேஸ்ட்டாலோ, மிருதுவான பஞ்சாலோகூடத் துடைக்கலாகாது. விளிம்பு முழுவதுமே பிரிந்திருந்தால், விளக்கைச் சூடாக்கி முன்மூடியை எடுத்து, பழைய பசையைச் சுரண்டிப் புதிய பியூட்டில் நாடா வைத்து மூட வேண்டும். அது கைதேர்ந்தவர்களுக்குரிய வேலை. நீர் வடிய அடியில் துளை போடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. வடியும் வழியாகவே அடுத்த மழையில் சேற்றுநீர் ஏறும் என்பதால் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது. தொடக்கத்தில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழும் எச்.ஐ.டி. விளக்கை வீட்டில் திறக்கவே கூடாது. வண்டி வாரண்டிக்குள் இருந்தால், இவற்றுள் எதையும் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோவது உத்தமம்.

வெள்ளத்தில் முழுகிய வண்டியின் நிலை வேறு. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்பகுதிகளுக்கு மறுபடியும் அந்தக் கஷ்டம் வந்தது. அந்த அநுபவத்தின் பயனாகவே, 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அது மிகவும் விவேகமான காரியம். முழுகிய விளக்கினுள் சாக்கடையும் வண்டலும் புகுந்துவிடுகின்றன; உலர்த்தினால் நீர் போகும், வண்டல் போகாது, ஒயர் முனைகள் பச்சை பூத்து அரிபட்டுக்கொண்டே இருக்கும். இதில் மிச்சம் பிடிக்க முயலாமல் விளக்கை மாற்றிவிட வேண்டும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், நீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுத்துவிட்டு இன்ஷூரன்ஸுக்குத் தெரிவியுங்கள். சொந்தச் சேதத்துக்குரிய பாலிசி இருந்தால் வெள்ளச் சேதமும் அதில் அடங்கும். ஆனால் பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதித் தொகையைக் கழித்துக்கொள்வது வழக்கமாதலால், ‘ஜீரோ டெப்’ சேர்க்கை இல்லாதவர்கள் விளக்கின் விலையில் ஒரு பாதியைத் தாமே ஏற்க நேரும்.

பழைய விளக்கைப் புதுப்பேட்டையில் வாங்க விரும்புவோர், மேலே பளபளப்பு ஏற்றியிருப்பதைக் கண்டு திருப்தியடையாமல், விளக்கைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும்: பிடிகால்கள் ஒட்டப்படாதவையா, மூடிகளும் துவார ரப்பர்களும் எல்லாம் உண்டா, ஹோல்டரின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று. விளிம்பைச் சுற்றி யாரோ சிலிக்கான் பூசியிருந்தால் அந்த விளக்கை வாங்க வேண்டாம். புதிதோ பழையதோ, மாட்டிய அன்றிரவே வண்டியைப் பழைய டயர் அடையாளத்தில் நிறுத்தி, சுவரிலிட்ட கோட்டோடு ஒளியின் மேல் விளிம்பு பொருந்தும் வரையில், விளக்கின் பின்னாலுள்ள திருகை ஸ்க்ரூ டிரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.